ஸ்கூபா கருவிகள்: எதை முதலில் வாங்குவது, எதை வாடகைக்கே எடுப்பது

டைவிங் கோர்ஸ் முடித்த கையோடு எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: முழு செட் வாங்க எவ்வளவு ஆகும்? மாஸ்க் முதல் மூச்சு விட உதவும் ரெகுலேட்டர் வரை எல்லாவற்றையும் புதிதாக, ஆரம்ப நிலை மாடல்களாகவே எடுத்தாலும் ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி வந்துவிடும். கொஞ்சம் நல்லதாக வேண்டும் என்றால் இரண்டு லட்சம். மாதச் சம்பளக்காரர்கள் இந்தத் தொகையைக் கேட்டதும் "இது பணக்காரர் விளையாட்டு" என்று முடிவு கட்டி, கற்றுக்கொண்டதையும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம். அவ்வளவு பணம் ஒரே நேரத்தில் தேவையே இல்லை.

நான் கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் தரச்சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வால்வு, ஓ ரிங், ஸ்பிரிங், பிஸ்டன் என்று நாள் முழுக்க அளந்துகொண்டிருப்பவன். லீவு கிடைத்தால் ராத்திரி பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி. காசு சேர்ந்தால் அந்தமான். இந்தக் கருவிகள் ஏன் விலை அதிகம் என்பது எனக்கு ஓரளவு புரியும். ரெகுலேட்டரின் உடல் பித்தளையைக் கடைந்து குரோம் பூசியது. சிலிண்டரில் இருக்கும் 200 பார் அழுத்தத்தை அந்தக் கைப்பிடி அளவு பொருள் ஒவ்வொரு மூச்சுக்கும் குறைத்துக் கொடுக்க வேண்டும். அந்தத் துல்லியத்துக்கும் சோதனைக்கும் காசு ஆகத்தான் செய்யும். அதோடு நம் நாட்டில் வாங்குபவர்கள் குறைவு, நல்ல பிராண்டுகள் பெரும்பாலும் இறக்குமதி, மேலே சுங்க வரி, ஜிஎஸ்டி. ஆக, விலையில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். வாங்கும் வரிசையில் செய்யக்கூடியது நிறைய.

என் கணக்கு இது. உடம்பில் சரியாகப் பொருந்த வேண்டியதை முதலில் வாங்குங்கள். மூச்சு கொடுக்கும் கருவியை, அதை சர்வீஸ் செய்ய எட்டும் தூரத்தில் ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். மீதி எல்லாம் வாடகையிலேயே ஓடட்டும்.

முகத்திலிருந்து ஆரம்பியுங்கள்

முதல் பொருள் மாஸ்க். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கு நல்லதே கிடைக்கும். டைவ் சென்டர் மாஸ்க் உங்கள் முகத்துக்குப் பொருந்தாமல் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தால், அன்றைய டைவுக்குக் கொடுத்த காசு முழுக்க மாஸ்க்கைக் காலி செய்வதிலேயே போய்விடும். அதனால்தான் இது முதலில்.

கடையில் சோதிக்கும் முறை: பட்டையை மாட்ட வேண்டாம். முடியை ஒதுக்கிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் லேசாக வைத்து மூக்கால் காற்றை மெதுவாக உள்ளிழுத்துப் பிடியுங்கள். கையை எடுத்தாலும் மாஸ்க் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். தலையை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள், சிரித்துப் பாருங்கள். மீசைக்காரர்களுக்கு மூக்குக்குக் கீழேதான் காற்று நுழையும். சில மாடல்களில் அந்த இடத்து விளிம்பு அகலமாக இருக்கும், அதைத் தேடுங்கள். கண்ணாடி டெம்பர்ட் என்று அதன் மேலேயே எழுதியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் கண்ணாடி வைத்த கடற்கரைக் கடை செட்டைத் தொடவே வேண்டாம். விளிம்பு சிலிக்கோனாக இருக்கட்டும். பிவிசி சில மாதங்களில் விறைத்துவிடும்.

பவர் கண்ணாடி போடுபவர்கள் இரண்டு கண்ணாடி கொண்ட மாஸ்க்கை எடுங்கள். அதற்கென்றே பவர் லென்ஸ்கள் அரை அரை புள்ளியாகக் கிடைக்கும் மாடல்கள் உண்டு. மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் முன்பே உங்கள் பவர் அதில் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புது மாஸ்க் எவ்வளவு விலை என்றாலும் முதல் டைவில் பனி மூடியது போல ஆகும். தயாரிப்பின்போது கண்ணாடியின் உள்பக்கம் படியும் படலம்தான் காரணம். வெள்ளை டூத் பேஸ்ட்டை விரலில் எடுத்து உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு மூன்று முறை. ஜெல் பேஸ்ட் வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு டைவுக்கு முன்பும் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ போதும்.

அடுத்து ஃபின். நம் பக்கத்து டைவிங் பெரும்பாலும் படகிலிருந்துதான். தண்ணீரும் வெதுவெதுப்பு. ஆகவே வெறுங்காலில் செருப்பு போல மாட்டும் ஃபுல் ஃபுட் ஃபின் போதும். பட்டை வைத்த மாடலுக்கு அதோடு பூட்ஸும் வாங்க வேண்டும். விலையும் எடையும் இரண்டு மடங்கு. வாடகை ஃபின் காலைக் கடிக்காமல் இருந்தால் இதைக்கூடத் தள்ளிப் போடலாம்.

உடுப்புக்கு, நம் கடலில் பெரும்பாலான மாதங்களில் 3 மில்லிமீட்டர் வெட்சூட் தாராளம். குளிர் தெரியாதவர்களுக்கு லைக்ரா முழு உடுப்பே போதும். சொறிமீன் பட்டால் எரியாமலும் வெயிலில் கருகாமலும் காப்பாற்றும், வெட்சூட் விலையில் கால்வாசிதான். வெட்சூட் பழையது வாங்கலாம், ஆனால் கிள்ளிப் பாருங்கள்: நுரை உடனே எழும்பி வர வேண்டும். அமுங்கியே கிடந்தால் அது வெறும் துணி, சூடு தாங்காது.

சின்னச் சாமான்கள், பெரிய பாதுகாப்பு

மீன்பிடிப் படகுகள் ஓடும் கடலில் டைவ் செய்கிறோம். மேலே வரும்போது நாம் எங்கே இருக்கிறோம் என்று படகுக்காரருக்குத் தெரிய வேண்டும். அதற்கு எஸ்எம்பி என்கிற ஆரஞ்சு நிறக் காற்றுப்பையும் ஒரு நூல் உருளையும் வேண்டும். இரண்டும் சேர்ந்து மூவாயிரத்துக்குள் முடியும். இதை வாடகைக்கு நம்பாதீர்கள், சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். விரிக்கும் முறையை இன்ஸ்ட்ரக்டரிடம் பழகிவிட்டு எடுத்துப் போங்கள்.

அறுந்து போன வலைகளும் தூண்டில் நரம்புகளும் நம் கடலடியில் ஏராளம். மாட்டிக்கொண்டால் அறுக்க ஒரு கருவி வேண்டும். டைவிங் கத்தி என்று நாலாயிரம் ரூபாய்க்கு விற்பதை விட, சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும் மொண்ணை முனைக் கத்தரிக்கோல் மேல். ஆம்புலன்ஸ்காரர்கள் துணியை வெட்டப் பயன்படுத்துவார்களே, அதுதான். சில நூறு ரூபாய். நைலான் நரம்பை ஒரே நறுக்கில் வெட்டும், உங்களைக் குத்தாது. துருப்பிடித்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகளை ஒருபோதும் வாங்க வேண்டாம். எல்லா சென்டரிலும் கொடுப்பார்கள்.

முதல் பெரிய செலவு: டைவ் கம்ப்யூட்டர்

மணிக்கட்டில் கட்டி ஆழத்தையும் நேரத்தையும் பார்க்கும் கருவி இது. இருபதாயிரத்தை ஒட்டி ஆகும். பலர் ரெகுலேட்டரை முதலில் வாங்குகிறார்கள். நான் கம்ப்யூட்டரைத்தான் முதலில் சொல்வேன். உங்கள் உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கிறது என்று அது டைவுக்கு டைவ் கணக்கு வைக்கிறது. காலையில் ஒரு கம்ப்யூட்டர், மதியம் வேறொன்று என்று மாற்றினால் மதியத்துக் கம்ப்யூட்டருக்குக் காலை டைவே தெரியாது. இரண்டு பேர் ஒன்றைப் பகிர்ந்துகொள்வதும் அதே தவறுதான். ஒரே டைவில்கூட இருவரின் ஆழம் ஒன்றாக இருக்காது.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பேட்டரியை நீங்களே மாற்ற முடிய வேண்டும். மாரெஸ் பக் ப்ரோ, சுன்டோ ஜூப் நோவோ போன்றவற்றில் சிஆர்2450 என்ற நாணய பேட்டரிதான். கடையில் வாங்கி, ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தில் தூசி முடி இல்லாமல் பார்த்து மூடினால் போதும். மூடியைத் திறக்க முடியாத மாடல் என்றால் பேட்டரிக்காகவே கூரியர் செலவு. இரண்டாவது, சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் காட்டும் வசதிக்கு மயங்க வேண்டாம். அந்த டிரான்ஸ்மிட்டர் மட்டும் இன்னொரு கம்ப்யூட்டர் விலை. முள் வைத்த பிரஷர் கேஜ் பேட்டரி இல்லாமல் அதே வேலையைச் செய்கிறது.

பழைய கம்ப்யூட்டர் வாங்கலாம். பேட்டரி மூடியைத் திறந்து பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் டைவில் கூட டைவ் செய்பவரின் கம்ப்யூட்டரோடு பக்கத்தில் வைத்து ஆழத்தை ஒப்பிடுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் திருப்பிக் கொடுங்கள்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் கூட்டினால் முப்பத்தைந்தாயிரம் பக்கம் வரும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் கடலுக்குப் போகிறவர் இங்கேயே நின்றுவிடலாம்.

ரெகுலேட்டர்: சர்வீஸ் யார் செய்வார்?

நம் நாட்டில் பல டைவ் சென்டர்களில் டைவ் கட்டணத்திலேயே கருவிகளும் அடக்கம். சொந்தக் கருவி கொண்டுபோனால் குறைக்கும் தொகை சிறியது. சில இடங்களில் குறைப்பதே இல்லை. அதனால் "வாடகை மிச்சம்" என்ற கணக்கில் ரெகுலேட்டர் வாங்கினால் போட்ட காசு திரும்ப வர வருடக்கணக்காகும். வெளிநாடுகளில் கருவிக்குத் தனியாக நாள் வாடகை வாங்கும் இடங்களுக்கு அடிக்கடி போகிறவர் என்றால் கணக்கு வேறு. உள்ளூர் டைவருக்கு ரெகுலேட்டர் வாங்க ஒரே நல்ல காரணம், தான் மூச்சு விடும் கருவியின் சரித்திரம் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. எனக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது.

சரி, வாங்குவது என்று முடிவானால் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: இந்த பிராண்டுக்கு இந்தியாவில் சர்வீஸ் செய்யும் ஆள் எங்கே இருக்கிறார், மாற்ற வேண்டிய பாகங்கள் அடங்கிய சர்வீஸ் கிட் கையிருப்பில் வைத்திருக்கிறாரா? பெரும்பாலான கம்பெனிகள் வருடத்துக்கு ஒரு பரிசோதனை, இரண்டு வருடம் அல்லது 100 டைவுக்கு ஒரு முழு சர்வீஸ் என்கின்றன. சிலிண்டரில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜ், அவசரத்துக்கான இரண்டாவது வாய்க்கருவியான ஆக்டோபஸ் என்று மூன்றுக்கும் தனித்தனி கிட். கூலியும் சேர்ந்தால் எட்டாயிரம், பத்தாயிரம் ஆகிவிடும். பத்து வருடம் வைத்திருந்தால் சர்வீஸுக்குக் கொடுத்தது வாங்கிய விலையைத் தாண்டிவிடும். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று பெயர் தெரியாத பிராண்டை வாங்கியவருக்கு, முதல் சர்வீஸிலேயே கிட் கிடைக்காமல் அது அலமாரிப் பொருளாகிவிடும்.

எந்த வகை? என் தொழில் புத்தி சொல்வது: நகரும் பாகம் குறைந்தது நல்லது. சாதாரண பிஸ்டன் வகை ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் நகர்வது ஒரே ஒரு பிஸ்டன். ஸ்கூபாப்ரோவின் எம்கே2 அந்த ஜாதி. சிலிண்டர் காலியாகும்போது மூச்சிழுக்கக் கொஞ்சம் கூடுதலாக வேலை தெரியும். பொழுதுபோக்கு ஆழங்களில், நம் வெதுவெதுப்பான தண்ணீரில், அது ஒரு குறையே இல்லை. கிட்டும் மலிவு. விலை உயர்ந்த மாடல்களின் பெரிய பெருமைகளில் ஒன்று குளிர்நீரில் உறையாமல் இருப்பது. 10 டிகிரிக்குக் கீழே போகும் கடல் நமக்கு எங்கே இருக்கிறது? அந்த வசதிக்கு இங்கே காசு கொடுக்க வேண்டாம். ஐரோப்பியத் தரமான ஈஎன் 250 முத்திரை உடலில் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். சிலிண்டரில் மாட்டும் முனை நம் ஊரில் பெரும்பாலும் யோக் வகை, அதாவது வளையத்தை வைத்துத் திருகுவது. சிலிண்டர் வால்வுக்குள்ளேயே திருகும் டின் (DIN) வகை வாங்கினால் அடாப்டரும் வாங்க வேண்டும்.

பழைய ரெகுலேட்டர் வாங்குவது தப்பில்லை. டைவிங்கை விட்டவர்களிடம், அல்லது சீசன் முடிந்து பழைய செட்டை விற்கும் சென்டர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். காற்று நுழையும் வாயில் சின்னத் தொப்பி போல ஒரு உலோக ஃபில்டர் தெரியும். அது பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டும். பச்சை தெரிந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய் உலோகத்தைத் தின்றிருக்கிறது. சிவந்த பழுப்பு என்றால் துருப்பிடித்த இரும்பு சிலிண்டரிலிருந்து வந்த தூள். கறுப்பு என்றால் கம்ப்ரசர் எண்ணெயோ கரியோ. வெள்ளைப் பொடி அலுமினிய சிலிண்டரின் உள்துகள். பச்சையோ கறுப்போ தெரிந்தால் பேரமே பேசாமல் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் மூடியை இறுக்கமாகத் திரும்பப் போட்டு, சிலிண்டரில் மாட்டாமலே செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து உறிஞ்சுங்கள். காற்றே வரக்கூடாது. கொஞ்சமாக வந்தால் ரப்பர் சவ்விலோ வெளியேற்றும் வால்விலோ ஓட்டை. கடலுக்கடியில் அந்த வழியாகத் தண்ணீர் வரும். ஆக்டோபஸையும் இதே மாதிரி பாருங்கள். ஹோஸ்களின் இரு முனையிலும் இருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பின்னுக்குத் தள்ளி, இரும்புப் பிடியின் ஓரத்தில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். உறைக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்பைத்தான் விற்பவரும் பார்த்திருக்க மாட்டார்.

கடைசிச் சோதனையைத் தெரிந்த டெக்னீஷியனிடம் செய்யுங்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் கொடுக்கும் இடை அழுத்தம் பொதுவாக 9 முதல் 10 பார். அவர் கேஜை மாட்டி ஐந்து நிமிடம் வைத்திருப்பார். முள் அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல ஏறினால் உள்ளே வால்வு அமர்ந்து மூடும் இருக்கை (சீட்) தேய்ந்துவிட்டது. அது சர்வீஸில் சரியாகக்கூடிய விஷயம்தான், அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசலாம். எல்லாம் சரியாக இருந்தாலும் பழையதை சர்வீஸ் செய்யாமல் தண்ணீரில் இறக்காதீர்கள். அந்தத் தொகையையும் சேர்த்ததுதான் அதன் உண்மையான விலை.

"நீதான் வால்வு வேலை பார்ப்பவனாயிற்றே, நீயே பிரித்து மாட்டலாமே?" என்று நண்பர்கள் கேட்பார்கள். என் பட்டறையில் வால்வு கசிந்தால் தோட்டத்துக்குத் தண்ணீர் குறையும். இது அப்படி இல்லை. அந்த மாடலுக்கான கருவியும் பயிற்சியும் அங்கீகாரமும் உள்ளவர் கையில்தான் கொடுக்கிறேன்.

பிசிடியும் ஒரு கோவை வழியும்

மிதவைச் சட்டையான பிசிடியைப் பழையதாக வாங்குவதில் பயம் குறைவு. வாயால் ஊதி முழுக்க நிரப்பி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தொய்ந்திருக்கக் கூடாது. காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் பட்டனை அழுத்தி விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் எழும்ப வேண்டும். தலைகீழாகப் பிடித்து, உள்ளே உப்புத் தூள் கரகரக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பேக்பிளேட், அதாவது முதுகில் ஒரு உலோகத் தகடு, அதில் ஒரே நீளப் பட்டை, பின்னால் ஒரு காற்றுப்பை. தகட்டுக்குக் கடையில் பத்தாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். அது 3 மில்லிமீட்டர் தகட்டை வெட்டி வளைத்ததுதான். நடுவில் இரண்டு துளைகளுக்கும் இடைவெளி 11 அங்குலம், பட்டை நுழையும் வாய்கள் 2 அங்குலப் பட்டைக்கு ஏற்றவை. சிட்கோ பக்கம் ஒரு லேசர் கட்டிங் பட்டறையில் 316 ஸ்டெயின்லெஸ் தகட்டில் வெட்டித் தரச் சொன்னேன். பட்டறை அண்ணன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நாற்காலி முதுகா?" என்றார். விஷயம் தெரிந்ததும் பட்டை உரசும் ஓரங்களை எல்லாம் அவரே உட்கார்ந்து மழுங்கத் தேய்த்துக் கொடுத்தார். அந்தத் தேய்ப்பு முக்கியம், இல்லாவிட்டால் கூர் விளிம்பு பட்டையை அறுத்துவிடும். கடை விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதன் எடை இடுப்பில் கட்டும் ஈயத்தையும் குறைக்கிறது. காற்றுப்பையை மட்டும் பிராண்டில் வாங்குங்கள், அதில் பட்டறை வேலை வேண்டாம்.

விமானத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள்: உள்நாட்டு விமானங்களில் பொதுவாக 15 கிலோதான் இலவசம். முழு செட் அதை அப்படியே விழுங்கிவிடும்.

சிலிண்டர் வேண்டாம்

இந்தியாவில் அழுத்தச் சிலிண்டர்கள் பெசோ என்ற வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் விதிகளுக்கு உட்பட்டவை. அங்கீகாரம் உள்ள சிலிண்டர், குறித்த காலத்துக்கு ஒரு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை), நிரப்பும் இடம் எல்லாம் வேண்டும். விற்கிறேன் என்று யாராவது பழைய அலுமினிய சிலிண்டரைக் காட்டினால் இன்னும் எச்சரிக்கை தேவை: 1980களின் கடைசிவரை வந்த பலவற்றில் பயன்படுத்திய 6351 என்ற உலோகக் கலவையில் கழுத்துப் பகுதியில் விரிசல் விடும் குறை இருந்தது.

ஆன்லைனில் விற்கும் அரை லிட்டர் கைச்சிலிண்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 200 பாரில் அதில் இருப்பது 100 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவருக்கு 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, ஆகவே நிமிடத்துக்கு 40 லிட்டர். இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். சென்டரில் கொடுக்கும் 11 லிட்டர் சிலிண்டரில் இதே கணக்கு 50 நிமிடத்தைத் தாண்டும். நேரம் குறைவு என்பது மட்டுமல்ல ஆபத்து. பயிற்சி இல்லாதவர் காற்று தீர்ந்த பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளே விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். பெயின்ட் அடிக்கும் கம்ப்ரசரில் எதையும் நிரப்பி மூச்சு விடுவதும் கூடாது. அதில் எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் வர வாய்ப்புண்டு.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்தால் மலிவுதான். வரியில்லா வரம்பு அவ்வப்போது மாறுகிறது, புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், வாரண்டி இங்கே செல்லுமா என்று கேளுங்கள்.

கழுவிக் காயவைப்பது

வாங்கியது நீடிக்க வேண்டுமானால் நல்ல தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். மேலே ஊற்றினால் போதாது. உப்பு கரைய அரை மணி நேரமாவது முக்கி வையுங்கள். அதற்கு முன் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியைத் துடைத்து, ஈரமில்லாமல் போட்டு இறுக்குங்கள். ஊறும்போது செகண்ட் ஸ்டேஜின் நடுப் பட்டனை அழுத்தாதீர்கள். அழுத்தினால் வால்வு திறந்து தண்ணீர் ஹோஸ் வழியாக உள்ளே ஏறும். பச்சை ஃபில்டர்களில் பாதி இப்படித்தான் உருவாகின்றன என்பது என் எண்ணம். பிசிடிக்குள்ளும் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றுங்கள். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் வெயில் ரப்பரையும் சிலிக்கோனையும் சீக்கிரம் கெடுத்துவிடும். ஹோஸ்களை மடிக்காமல் பெரிய வட்டமாகச் சுற்றி வையுங்கள்.

சர்வீஸிலிருந்து வந்த ரெகுலேட்டரை நேராகக் கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். முந்தின நாள் சென்டரின் நீச்சல் குளத்திலோ இடுப்பளவுத் தண்ணீரிலோ சிலிண்டரில் மாட்டி முக்கிப் பாருங்கள். எந்த இணைப்பிலும் குமிழி வரக்கூடாது. செகண்ட் ஸ்டேஜிலும் ஆக்டோபஸிலும் மாறி மாறிப் பத்து நிமிடம் மூச்சு விடுங்கள். பிறகு வால்வை மூடிவிட்டு, கேஜ் முள் ஐந்து நிமிடத்துக்கு இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மறுநாள் படகில் ஏற்றலாம்.